சீனத்தின் பெயர் பூண்ட ஊர்

கானடா நாட்டின் மாண்ட்ரியல் மாநகரிலிருந்து மேற்கு நோக்கி இரயிலில் செல்வோர், சிறிது நேரத்திற்குள் ஒரு புறநகர் நிலையத்தின் பெயர்ப்பலகையைக் காண்பர். 'லஷீன்' என்பது அங்கு எழுதியிருக்கும் பெயர். பிரெஞ்சு மொழியில் நாட்டுப் பெயர்களுக்கு முன்னால் 'லா' என்னும் சிறு சொல்லைச் சேர்ப்பது வழக்கம். பிரான்சு நாட்டை 'லா பிரான்ஸ்' என்பர். சீன நாட்டை 'லா ஷீன்' என்பர். அவ்விரு சொற்களும் ஒட்டி ஒன்றானதே 'லஷீன்'. ஆகவே, கானடாவின் பனி நிலத்தில், பிரெஞ்சு மொழி வழங்கும் ஒரு புறநகரில், பலகையில் எழுதியிருப்பது 'சீனம்' என்பதுதான்.

சீனத்தின் பெயர் நமக்குப் புதியதன்று. நம் அடுக்களையில் சீனியும் சீனாக்கற்கண்டும் உண்டு. எண்ணெய்ச்சட்டியைச் சீனச்சட்டி என்போரும் உண்டு. ஆயினும் இவை பண்டங்களின் பெயர்கள். பண்டம் வந்த திசையையோ, வந்ததாக மக்கள் எண்ணிய திசையையோ அவை காட்டுகின்றன. லஷீனுக்குச் சீனத்திலிருந்து எதுவும் வரவில்லை. அவ்வூரிலிருந்து புறப்பட்ட எவரும் சீனத்தை அடையவுமில்லை. அப்படியிருக்க இப்பெயர் எவ்வாறு வந்தது? அதை அறிய, அவ்வூரின் அருகே ஓடும் ஆற்றை முதலில் அறிதல் வேண்டும்.

செயின்ட் லாரன்ஸ் என்பது அந்த ஆறு. அட்லாண்டிக் கடலிலிருந்து மரக்கலங்கள் இந்த ஆற்றின் வழியே உள்நாட்டிற்குள் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாக ஏறி வரலாம். ஆனால் மாண்ட்ரியல் தீவை அடைந்ததும் வழி தடைப்படுகிறது. அங்கே ஆறு பாறைகளின்மேல் நுரைத்துச் சுழன்று பாய்கின்றது. 1535 ஆம் ஆண்டில் ழாக் கார்த்தியே என்னும் பிரெஞ்சு மாலுமி அத்தீவிற்கு வந்து, அங்கிருந்த குன்றின்மீது ஏறி நின்று பார்த்தபோது, மேற்கே இந்த நீர்ச்சுழல்களைக் கண்டார். ஆசியாவிற்கு வழி தேடி வந்தவர் அவர். வழி அந்தச் சுழல்களுக்கு அப்பால் இருக்கலாம் என்ற எண்ணம் அன்று தொடங்கி, அவருக்குப் பின் வந்த மூன்று தலைமுறையினரை விடாது பற்றிக்கொண்டது. கியூபெக் நகரை 1608 இல் நிறுவிய சாம்ப்ளேன், இந்த நாட்டின் வழியே சீனத்திற்குச் செல்லும் பாதை அமையுமானால் சுங்க வருமானமே பெருகிக் கொழிக்கும் என்று 1618 இல் பிரெஞ்சு மன்னருக்கு எழுதினார். 1634 இல் மேற்கு ஏரிகளை நோக்கி அனுப்பப்பெற்ற ழான் நிக்கோலே என்பவர், எதிர்ப்படுவோர் சீனராயிருப்பின் அவமதிப்பாகாதிருக்க வேண்டுமென்றோ என்னவோ, பூக்களும் பறவைகளும் நெய்த சீனப்பட்டு அங்கி ஒன்றைக் கையோடு கொண்டு சென்றாராம். அவரை எதிர்கொண்டவர்கள் மிச்சிகன் ஏரிக்கரையில் வாழ்ந்த பழங்குடியினர்.

இந்தத் தவற்றில் நம் நாட்டிற்கும் ஒரு பங்கு உண்டு. கொலம்பஸ் தேடி வந்தது இந்தியாவை. ஆதலின் அவர் கண்ட மக்களுக்கெல்லாம் 'இந்தியர்' என்ற பெயர் ஏற்பட்டது. தவறென்று ஐரோப்பியர் உணர்ந்த பின்னரும் பெயர் மாறவில்லை. கானடாவில் 1876 இல் இயற்றப்பெற்று இன்றும் நடைமுறையிலிருக்கும் ஒரு சட்டத்தின் பெயரே 'இந்தியர் சட்டம்' என்பதுதான். அது குறிப்பது நம்மையன்று. தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். மதுரைக்காரரையும் மைசூர்க்காரரையும் கொச்சிக்காரரையும் ஒருசேர 'மதராஸி' என்று அழைத்த அண்டை வீட்டாருக்கு மறுமொழி சொல்லி அலுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இனி, பெயரின் கதைக்கு வருவோம். மாண்ட்ரியலில் பிரெஞ்சுக் குடியேற்றம் தோன்றியது 1642 இல். 1663 முதல் அத்தீவு முழுவதும் சுல்பீசியர் என்னும் கத்தோலிக்கக் குருமார் சபையின் உடைமையாக இருந்தது. 1667 இல், ரூவான் நகரில் பிறந்த இருபத்துமூன்று வயது இளைஞர் ஒருவர் அங்கு வந்து சேர்ந்தார். ரெனே ரொபேர் கவலியே தெ லசால் என்பது அவர் பெயர். அவர் அண்ணன் அந்தச் சபையில் குரு. அந்த உறவின் பயனாக, நீர்ச்சுழல்களுக்கு மேற்புறத்தில் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு பெரிய நிலம் அவருக்கு இலவசமாகவே கிடைத்தது. காடு வெட்டி, குடிகளை அமர்த்தி, விளைச்சல் கண்டு வாழ்ந்திருந்தால் அவர் ஒரு நிலக்கிழாராகக் காலம் கழித்திருப்பார். சரித்திரம் அவரை அறிந்திராது.

லசாலின் மனமோ நிலத்தில் தங்கவில்லை. மேற்கே ஒரு பேராறு இருக்கின்றதென்றும் அது கடலில் சென்று கலக்கின்றதென்றும் இரோகுவா மக்கள் சொல்லக் கேட்டார். அந்தக் கடலுக்கு அக்கரையில் சீனம் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். 1669 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கிடைத்து இரண்டாண்டே ஆன நிலத்தை விற்றார். வாங்கியவர்களில் அதைக் கொடுத்த குருமார்களும் இருந்தனர்! அந்தப் பணத்தில் மரப்பட்டை ஓடங்களும் பண்டங்களும் சேர்த்துக்கொண்டு, அவ்வாண்டு ஜூலை மாதத்தில் புறப்பட்டார். அவரோடு தோலியே தெ கசோன், கலினே என்னும் இரு சுல்பீசியக் குருமார்களும் தம் ஓடங்களில் சென்றனர். எல்லாம் சேர்ந்து ஏழு ஓடங்கள்.

அதே ஆண்டுகளில் வேறு சில பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நம் கரைக்கு வந்து கொண்டிருந்தனர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அவர்களது கம்பெனி 1668 இல் சூரத்தில் பண்டசாலை திறந்தது. 1674 இல் புதுச்சேரியில் காலூன்றியது. ஒரே அரசனின் குடிகள் ஒரே கீழைச் செல்வத்தை ஒரே காலத்தில் இரு திசைகளிலிருந்து தேடினர். ஒரு சாரார் பாய்மரக் கப்பலில்; மற்றொரு சாரார் மரப்பட்டை ஓடத்தில்.

கலினே இந்தப் பயணத்தைப் பற்றி எழுதிவைத்த குறிப்பைப் படிப்பவர்க்குச் சிரிப்பும் வரும், இரக்கமும் வரும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அதில் ஒரு செய்தி சுவையாக இருந்தது. இரோகுவா மொழி தமக்கு நன்றாகத் தெரியும் என்று லசால் சொல்லி வந்தாராம். செனிகா மக்களின் ஊரை அடைந்து பேச வேண்டிய வேளை வந்தபோதுதான் அது வெறும் சொல்லெனத் தெரிந்தது. சரி, துபாஷி இருக்கிறானே என்று பார்த்தால், உடன் வந்த டச்சுக்காரத் துபாஷிக்கு இரோகுவா மொழி அத்துபடி. பிரெஞ்சு மொழிதான் வராது. ஒருவர் சொன்னது மற்றவர்க்கு எட்டாமல், வழிகாட்டி கிடைக்காமல், அவ்வூரிலேயே ஏறத்தாழ ஒரு மாதம் கழிந்தது. சீனத்தைக் கண்டுபிடிக்கப் புறப்பட்ட கூட்டம் முதல் ஊரிலேயே மொழியின்றி நின்றது.

ஒன்டாரியோ ஏரியின் மேற்கு முனையருகே, செப்டம்பர் இறுதியில், லசால் தமக்குக் காய்ச்சல் என்றார். வேட்டைக்குச் சென்றபோது பாறையொன்றில் ஏறுகையில் மூன்று பெரிய நச்சுப்பாம்புகளைக் கண்டதால் வந்த காய்ச்சல் அது என்று சிலர் சொன்னதையும் கலினே குறும்பாகக் குறித்துவைத்திருக்கிறார். குருமார் மேற்கே செல்ல, லசால் பிரிந்தார். அவருடன் வந்த ஆட்களில் சிலர் அவரைக் கைவிட்டு மாண்ட்ரியலுக்குத் திரும்பினர். திரும்பியவர்களைப் பார்த்து ஊரார், 'சீனத்திற்குப் போனவர்கள் வந்துவிட்டார்களே!' என்று ஏளனம் செய்தனர் என்றும், லசால் விற்றுச் சென்ற நிலத்திற்கே அவர்கள் 'சீனம்' என்று பெயர் சூட்டிவிட்டனர் என்றும் கூறுவது வழிவழி வந்த கதை. பள்ளிப் புத்தகங்களில் இதுவே இடம் பெற்றிருக்கிறது.

ஆனால் ஓடத்தில் உடன் சென்ற தோலியே தெ கசோன் அடிகள் வேறொரு சாட்சி. மாண்ட்ரியல் குடியேற்றத்தின் தொடக்க கால வரலாற்றை எழுதியவர் அவரே. துறவு பூணுமுன் குதிரைப்படைத் தலைவராக இருந்தவர்; நெடிய உருவம்; நகைச்சுவை மிக்க எழுத்து. ஒரு குளிர்காலத்தில் சீனமே இடம்பெயர்ந்து தம் தீவின் ஒரு கரைக்கு வந்து, தன் பெயரை நிலையாகப் பதித்துவிட்டது என்று அவர் எழுதுகிறார். சீனம் தன் பெயரோடு தன் ஆரஞ்சுப் பழங்களையும் கொடுத்துவிட்டு, மாற்றாக எங்கள் பனியைக் கொண்டு போயிருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்குமே என்கிறார். மாண்ட்ரியலுக்கு வருவோர் சில காத தூரத்திலேயே, தீவைவிட்டு வெளியேறாமலே, சீனத்தில் குடியிருக்கலாம் என்பது எத்துணை ஆறுதல் என்றும் சேர்த்துக்கொள்கிறார். அவர் இச்செய்தியை வைத்திருக்கும் இடத்தை நோக்கின், பெயர் தோன்றியது பயணம் முறிந்த பின்னரன்று, அதற்கு முன்னரே என்று கொள்ள இடமிருக்கிறது. அவ்வாறாயின், எந்நேரமும் சீனம் சீனம் என்று பேசிக்கொண்டிருந்த நிலக்கிழாரைப் பார்த்து அக்கம்பக்கத்தார் வைத்த பட்டப்பெயர் அது. என் மனம் இதன் பக்கமே சாய்கின்றது. தோற்றவனை எள்ளுவது ஊருக்கு எளிது. அதைவிட எளிது புறப்படாதவனை எள்ளுவது.

எவ்வாறாயினும், கேலி ஆவணத்தில் ஏறிவிட்டது. ஆவணத்தில் ஏறிய சொல்லுக்குத் தனி உயிர் உண்டு என்பதைக் கோப்புக்களோடு வாழ்பவர் அறிவர். 1676 இல் அங்கே தூய வானதூதர்கள் பெயரில் ஒரு பங்கு அமைந்தது. அது லஷீன் பங்கு எனப்பட்டது. ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் அந்தப் பெயரிலேயே பதிவாயின. ஒரு தலைமுறைக்குள் அப்பெயரில் சிரிப்பு தேய்ந்து, ஊர் மட்டும் எஞ்சியது.

சிரிப்பு முற்றிலும் மறைந்த இரவு ஒன்றும் வந்தது. 1689 ஆகஸ்டு 4 ஆம் நாள் இரவு கடும்புயலும் மழையுமாக இருந்தது. அந்த இருளில் ஏறத்தாழ 1500 இரோகுவா வீரர்கள் ஆற்றைக் கடந்து கரையேறி, விடியுமுன் லஷீன் வீடுகளைச் சூழ்ந்தனர். எழுபத்தேழு வீடுகளில் ஐம்பத்தாறு எரிந்தன. அக்காலத்தவர் சிலர் இறந்தோர் இருநூறு பேர் என்றனர். பின்னர் பதிவேடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தோர், உடனே கொல்லப்பட்டோர் இருபத்துநான்கு பேர் என்றும், சிறைபிடித்துக் கொண்டு செல்லப்பட்டோர் எழுபதுக்கு மேற்பட்டோர் என்றும் கணித்தனர். சிறைப்பட்டவர்களில் பலர் திரும்பவேயில்லை.

இந்நிகழ்ச்சியை நெடுங்காலம் காட்டுமிராண்டிகளின் கொடுமை என்றே எழுதி வந்தனர். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்ததை உடன் வைத்துப் பார்ப்பதே நேர்மை. 1687 இல் பிரெஞ்சு ஆளுநர் தெனொன்வில், நட்புப் பேச்சுக்கென்று நம்பி வந்த இரோகுவா மக்களைப் பிடித்து, அவர்களுள் ஆண்கள் சிலரை மார்செய் துறைமுகத்திற்கு அனுப்பி, அரசனின் கப்பல்களில் துடுப்பு வலிக்கும் அடிமைகளாக்கினார். செனிகா மக்களின் ஊர்களையும் சோள விளைச்சலையும் தீக்கிரையாக்கினார். ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டதும் பழிதீர்க்கும் வேளை வந்தது. ஆளுநரின் வஞ்சனைக்கு விலை கொடுத்தவர்கள், அதில் பங்கேதுமற்ற லஷீன் உழவர்கள். 1701 இல் மாண்ட்ரியலில் நாற்பது அளவிலான பழங்குடிகள் பிரெஞ்சுக்காரருடன் பெருஞ்சமாதான உடன்படிக்கை செய்த பின்னரே இரோகுவா மக்களுடன் நீண்டு வந்த போர் ஓய்ந்தது.

தோலியே அடிகளோ சீனத்தை மறந்தார், ஆற்றை மறக்கவில்லை. சுழல்களைத் தவிர்த்துச் செல்ல ஒரு கால்வாய் வெட்ட வேண்டும் என்று முதலில் முயன்றவர் அவரே. 1689 இல் தொடங்கிய வேலை அந்தத் தாக்குதலால் நின்றது. 1700 இல் மீண்டும் தொடங்கியது. மறு ஆண்டு அடிகள் மறையவே அதுவும் நின்றது. லஷீன் கால்வாய் முழுமையாகத் திறக்கப்பெற்றது 1825 இல். நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் ஒரு குருவின் கனவு காத்திருந்தது.

கால்வாய் இல்லாத அந்த இடைக்காலமே லஷீனின் பொற்காலமாகவும் இருந்தது. சுழல்களைத் தாண்ட முடியாதாகையால், பண்டங்கள் மாண்ட்ரியலிலிருந்து வண்டியில் லஷீனுக்கு வரும். அங்கே ஓடங்களில் ஏறும். பதினொரு மீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள பெரிய மரப்பட்டை ஓடங்கள் அவை. போகும்போது கம்பளியும் துப்பாக்கியும் சட்டிபானையும். வரும்போது கொறிக்கும் விலங்கு வகையைச் சேர்ந்த பீவரின் தோல். ஓடம் வலித்தவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சுக் கானடியர்; சுப்பீரியர் ஏரி வரை சென்று மீள்வர். 1803 இல் கட்டப்பெற்ற ஒரு கற்பண்டசாலை இன்றும் ஆற்றங்கரையில் நிற்கின்றது. அதுவே இப்போது தோல் வாணிபக் காட்சிச்சாலை. 1821 க்குப் பிறகு ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் ஆளுநரான ஜார்ஜ் சிம்ப்சன், லஷீனில் வீடு கட்டிக்கொண்டு அங்கிருந்தே ஒரு கண்டத்தின் பெரும்பகுதியில் வாணிபத்தை ஆண்டார். 1860 இல் அங்கேயே மறைந்தார்.

கால்வாயை வெட்டியவர்களும் பின்னர் அகலப்படுத்தியவர்களும் பெரும்பாலும் ஐரிஷ்காரக் கூலிகள். 1843 இல் கூலியைக் குறைத்தபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1847 இல் இரயில் வந்தது. கால்வாய்க் கரை நெடுகிலும் மாவாலைகளும் இரும்பாலைகளும் எழுந்தன. பாலங்கள் கட்டும் பெரிய தொழிற்சாலை ஒன்று லஷீனிலேயே தோன்றியது. 1872 இல் ஊர் நகராயிற்று. 1909 இல் பெருநகர் என்னும் தகுதி பெற்றது. 1959 இல் பெருங்கப்பல்களுக்கென ஆற்றின் தென்கரையில் புதிய நீர்வழி திறந்ததும் பழைய கால்வாயின் பயன் குறைந்தது. 1970 இல் அதை மூடினர். 2002 இல் உல்லாசப் படகுகளுக்காக மீண்டும் திறந்தனர். அதே 2002 ஜனவரி முதல் நாள் லஷீன் தன் நகராட்சியை இழந்து மாண்ட்ரியலின் ஒரு பகுதியாயிற்று. இன்று நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் அங்கே வாழ்கின்றனர்.

குடிபெயர்ந்து வாழும் நம்மவர்க்கு மற்றொரு செய்தி. ருஷியாவிலிருந்து வந்து லஷீனில் குடியேறிய ஒரு யூதக் குடும்பத்தில் 1915 இல் பிறந்த குழந்தைதான், பின்னாளில் அமெரிக்க நாவலாசிரியராகி 1976 இல் நோபல் பரிசு பெற்ற சால் பெல்லோ. லஷீன் நூலகத்திற்கு அவர் பெயரையே சூட்டியிருக்கின்றனர்.

ஊருக்கு எதிரே, ஆற்றின் தென்கரையில், மோஹாக் மக்களின் ஊர் ஒன்று 1716 முதல் நிலைபெற்றிருக்கின்றது. அவர்களும் இரோகுவா கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. கத்தோலிக்க சமயம் தழுவி அங்கு வந்து அமர்ந்தவர்கள். உயர்ந்த பாலங்களிலும் மாடிக் கட்டடங்களிலும் இரும்பு உத்தரங்களைப் பொருத்தும் வேலையில் பேர்பெற்றவர்கள். 1907 இல் கியூபெக் பாலம் கட்டி முடியுமுன் இடிந்து விழுந்தபோது அவ்வூரார் முப்பத்துமூன்று பேர் மாண்டனர். 1959 இன் புதிய நீர்வழிக்காக அவர்களது ஆற்றங்கரை நிலமும் பறிபோயிற்று. கானவாகே என்பது அவ்வூரின் பெயர். மோஹாக் மொழியில் அதற்குச் சுழல்நீர் அருகே உள்ள இடம் என்பது பொருள். ஒரே ஆற்றின் இரு கரைகளில் நின்ற இரு மக்களில் ஒருவர், கண்ணெதிரே பாய்ந்த நீரைப் பார்த்துப் பெயரிட்டனர். மற்றவர் காணாத நாட்டை எண்ணிப் பெயரிட்டனர்.

லசாலின் கதை முடிவையும் சொல்லிவிடலாம். அவர் ஓயவில்லை. 1682 இல் மிசிசிப்பி ஆற்றில் இறங்கிச் சென்று அதன் முகத்துவாரத்தை அடைந்தார். அங்கே அவர் கண்டது மெக்சிகோ வளைகுடா. 1687 இல் டெக்சாஸ் நிலத்தில், தம் ஆட்களாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். லஷீன் பங்கின் ஒரு பகுதி 1912 இல் தனி நகராகப் பிரிந்தபோது, அதற்கு அவர் பெயரையே வைத்தனர். லஷீனுக்கும் லசாலுக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடுதான். லஷீன் சுழல்கள் என்று உலகமெல்லாம் அறியும் அந்த நீர்ச்சுழல்களைக் காண விரும்புவோர் இன்று செல்ல வேண்டிய பூங்கா, லஷீனில் இல்லை, லசாலில் இருக்கின்றது.